அலிபிரி மலையடிவாரம்: காடு, உழவு, செம்மரம்

அலிபிரி என்பது ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி நகரை ஒட்டி, சேஷாசல மலை சமவெளியில் இறங்கும் அடிவாரப் பகுதி. திருமலைக்கு நடந்து ஏறுவோருக்கான 3,550 படிகள் இங்கிருந்து தொடங்குகின்றன. வாகனங்கள் செல்லும் மலைப்பாதையின் சோதனைச் சாவடியும் இங்கேதான் இருக்கிறது. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 1953 வரை சென்னை ஆட்சியோடு சேர்ந்திருந்தது. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. தமிழர் பலரும் இதைத் திருமலைக் கோயிலின் வாசலாகவே அறிவர். ஆனால் மலைக்காட்டைக் காப்பதும் அதைச் சுற்றியுள்ள உழவர் பிழைப்பதும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்பதைக் காட்டும் இடமும் இதுவே.

மலையும் நீரும்

சேஷாசலம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. மேலே குவார்ட்சைட் பாறை, அதற்கு அடியில் அதைவிடப் பல கோடி ஆண்டுகள் மூத்த கருங்கல். மேல்பாறையின் பிளவுகளில் இறங்கும் மழைநீர் ஊற்றுகளாகவும் சுனைகளாகவும் வெளிப்படுகிறது. கபில தீர்த்தமும் ஆகாச கங்கையும் தலக்கோனா அருவியும் இந்த மலை தரும் தண்ணீர்தான். தமிழில் பொன்முகலி என வழங்கும் சுவர்ணமுகி ஆறு சந்திரகிரி, திருப்பதி, காளத்தி வழியாக வங்கக் கடலுக்குப் போகிறது. அதன் துணையாறான கல்யாணியின் குறுக்கே 1977இல் கட்டிய அணை திருப்பதிக்குக் குடிநீர் தருகிறது. மலையில் மரம் குறைந்தால் மண் அரித்து வந்து கீழே உள்ள ஏரியைத் தூர்க்கும். ஏரி தூர்ந்தால் கிணறும் வற்றும். அடிவாரத்து உழவருக்கு மலைக்காடு என்பது தங்கள் கிணற்றின் தலைமாடு.

இந்த நீரை வேளாண்மைக்குத் திருப்பியதில் கோயிலுக்குப் பெரும்பங்கு உண்டு. திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. அவற்றை ஆராய்ந்து வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டெயின் 1960இல் ஒரு முக்கியமான கட்டுரையை வெளியிட்டார். விஜயநகரக் காலத்தில் பக்தர் ஒருவர் கோயிலுக்குப் பணம் செலுத்தினால், கோயில் அதைக் கருவூலத்தில் முடக்காமல் தனக்குரிய ஊர்களில் ஏரி வெட்டவும் கால்வாய் தோண்டவும் செலவிட்டது. பாசனம் பெருகியதால் கிடைத்த கூடுதல் வருவாயில் அவர் பெயரால் அமுதுபடி நடந்தது. படைத்த பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு கொடையாளிக்குச் சேர்ந்தது. வங்கியும் பொதுப்பணித் துறையும் ஒன்றாக இயங்கிய இந்த ஏற்பாடு தென்னிந்திய வேளாண்மை வரலாற்றில் போதிய கவனம் பெறவில்லை என்றே சொல்ல வேண்டும். அதே வேளையில், கொடுத்தவரைப் பேசும் அளவுக்கு உழுதவரை அக்கல்வெட்டுகள் பேசுவதில்லை.

திருப்பதிக்கு அருகிலுள்ள ராயலசெருவு, கிருஷ்ணதேவராயர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய ஏரி. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் அதன் கரையில் கசிவு ஏற்பட, கீழ்ப்புற ஊர்மக்கள் வெளியேற்றப்பட்டனர். அதே மழையில் திருமலை மலைப்பாதைகளில் பாறைகள் சரிந்தன. திருமலைக்கு ஏறும் மற்றொரு படிவழியான ஸ்ரீவாரி மெட்டும் சேதமடைந்தது. நகரம் பெருத்தபோது பழைய ஏரிகளும் வரத்துக் கால்வாய்களும் பல இடங்களில் வீட்டுமனைகளாகிவிட்டதால், மலையிலிருந்து இறங்கிய வெள்ளத்துக்குப் போக வழியில்லாமல் போனது.

உழவர் நிலை

பழைய சித்தூர் மாவட்டத்தின் மேட்டு நிலங்களில் மானாவாரி வேர்க்கடலை நெடுங்காலப் பயிர். ஆழ்துளைக் கிணறுகள் வந்தபின் மாந்தோப்புகள் பெருகின. கறவை மாடு பல வீடுகளில் அன்றாடச் செலவுக்கு ஆதாரம். மாவில் பெரும்பகுதி தோத்தாபுரி. தமிழ்நாட்டுப் பக்கம் கிளிமூக்கு, பெங்களூரா என்பார்கள். இது நேரே கூழ் ஆலைகளுக்குப் போகும் சரக்கு. ஆலைகள் கொள்முதலைக் குறைத்தால் உழவருக்கு வேறு போக்கிடம் இல்லை. 2025 பருவத்தில் விலை சரிந்தபோது ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்க வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும் என ஆந்திர அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று.

விலங்குகளின் நெருக்கடி தனி. நெடுங்காலமாக யானை இல்லாதிருந்த இம்மாவட்டத்துக்கு 1980களில் தமிழ்நாடு, கர்நாடகக் காடுகளிலிருந்து யானைகள் வந்து சேர்ந்தன. பலமனேரி, குப்பம் பகுதியில் 1990இல் கௌண்டின்யா சரணாலயம் அமைந்தது. இப்போது சந்திரகிரி வட்டாரத்து வயல்களிலும் அவை இறங்குகின்றன. அலிபிரி படிவழியில் 2023 ஆகஸ்டில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கொன்றது. அதன்பின் கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்தார்கள். பிற்பகல் முதல் சிறுவர்களை அழைத்துச் செல்லத் தடை வந்தது.

செம்மரம்

இந்த மலையின் பெயரை உலகச் சந்தையில் ஒலிக்கச் செய்தது செம்மரம். தெலுங்கில் எர்ர சந்தனம். ஆந்திரத்தின் தென்மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய சில இடங்களிலும் மட்டுமே இயற்கையாக வளர்வது. வறண்ட, கல் நிறைந்த சரிவுதான் அதற்கு வாழிடம். வைரம் பாய்ந்து விலைபோகும் தரத்துக்கு வரக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகும். நவராத்திரிக் கொலுவில் வைக்கும் மரப்பாச்சிப் பொம்மை மரபாகச் செய்யப்படுவது இந்த மரத்தில்தான். சீனத்தில் அரச மரபு அறைகலன்களுக்கும், ஜப்பானில் ஷாமிசென் இசைக்கருவிக்கும், பிற நாடுகளில் சாயத்துக்கும் இதை வாங்குகிறார்கள்.

பாதுகாப்பு படிப்படியாக இறுகியது. 1882இன் சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடுகளாக்கி ஊராரின் மேய்ச்சலையும் விறகையும் கட்டுப்படுத்தியது. 1989இல் ஏறத்தாழ 353 சதுர கிலோமீட்டரில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா தேசியப் பூங்கா அமைந்தது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் செம்மரம் 1995இல் சேர்ந்தது. 2010இல் ஏறத்தாழ 4,756 சதுர கிலோமீட்டர் பரப்பு சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தேனும் கிழங்கும் மூலிகையும் திரட்டி வாழ்ந்த யானாதி பழங்குடியினருக்குக் காட்டில் நுழைவதே சிக்கலாகியது.

சட்டம் இறுகியும் கடத்தல் ஓயவில்லை. மரம் வெட்டக் கடத்தல்காரர்கள் ஆள் தேடியது தமிழ்நாட்டு மலைகளில். ஜவ்வாதுமலையிலும் கல்வராயன்மலையிலும் சாமையும் பிற தானியங்களும் மழையை நம்பி விளைபவை. அறுவடை முடிந்தால் கூலிக்கு வெளியூர் போயாக வேண்டும். கோடரி பிடித்துப் பழகிய இவர்களுக்குப் பல மாதக் கூலியைச் சில நாளில் தருவதாகச் சொல்லித் தரகர்கள் அழைத்துப் போனார்கள். 2013 டிசம்பரில் வன அலுவலர் இருவர் சேஷாசலக் காட்டில் கொல்லப்பட்டனர். 2015 ஏப்ரல் 7 விடியற்காலையில் சந்திரகிரி அருகே சிறப்புக் காவல்படையின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அது மோதல் என்றது காவல்துறை. பிடித்து வைத்துச் சுட்டதாகக் குற்றம்சாட்டின மனித உரிமை அமைப்புகள். தேசிய மனித உரிமை ஆணையம் விசாரணையில் இறங்கியது. 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டத்து ஒண்டிமிட்டா ஏரியில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் ஐவரின் உடல்கள் மிதந்தன. மரத்துக்கு உலகச் சந்தையில் கிடைக்கும் விலையில் மிகச் சிறு துணுக்கே வெட்டியவர் கைக்கு வந்தது. உயிருக்கான அபாயம் முழுவதும் அவர் தலையில் விழுந்தது. இந்த அநீதியைப் பேசாமல் செம்மரப் பாதுகாப்பைப் பேசுவது பாதி உண்மைதான்.

மடகாஸ்கரிலும் இதே கதை நடந்தது. 2009 அரசியல் குழப்பத்துக்குப் பின் மசோலா, மரோஜேஜி தேசியப் பூங்காக்களில் கருங்காலி, ஈட்டி வகை மரங்களை வெட்டியவர்கள் ஏழை உழவர்கள்; சரக்குக் கப்பல்கள் போனது சீனாவுக்கு. கோஸ்டா ரிக்கா வேறு வழியில் போனது. 1996இன் வனச் சட்டத்தைக் கொண்டு, எரிபொருள் வரிப் பணத்திலிருந்து காட்டைக் காக்கும் நில உரிமையாளருக்கு நேரடியாக ஊதியம் கொடுக்கத் தொடங்கியது.

வயலில் வளரும் மரம்

செம்மரத்தைப் பட்டா நிலத்தில் வளர்க்கத் தடையில்லை. வெட்டவும் எடுத்துச் செல்லவும் அனுமதி வேண்டும். ஏற்றுமதிக்கான கதவு நெடுங்காலம் மூடியே இருந்தது. 2019இல் தனியார் நிலத்தில் வளர்த்த மரத்தை ஏற்றுமதி செய்ய இந்திய அரசு வழி திறந்தது. 2023 நவம்பரில் பன்னாட்டு உடன்படிக்கையின் நிலைக்குழு, செம்மர வணிகம் குறித்த மறுஆய்வுப் பட்டியலிலிருந்து இந்தியாவை நீக்கியது. வரப்பில் சில மரங்கள் நட்டால் பிள்ளைகளின் காலத்தில் பயன் தரும். ஆனால் இரண்டு ஏக்கர்காரர் அதுவரை சாப்பிட ஊடுபயிரோ கறவையோ இருந்தாக வேண்டும்.

2002இன் உயிரியல் பன்மயச் சட்டம், உயிர்வளத்தை வணிகத்துக்குப் பயன்படுத்துவோர் கிடைக்கும் பயனில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையம் 2025இல் அந்தப் பணத்திலிருந்து ஆந்திரத்தின் 198 உழவர்களுக்கும் ஒரு கல்வி நிறுவனத்துக்கும் சுமார் 3 கோடி ரூபாய் வழங்கியது. உழவருக்குக் கொடுக்க 1 லட்சம் செம்மரக் கன்றுகள் வளர்க்கவும் நிதி ஒதுக்கியது. இது நல்ல தொடக்கம். ஆனால் இப்படிப் பங்கு பெறுவோர் சொந்த நிலத்தில் மரம் வளர்த்தவர்கள். உயிர்வளத்தைக் காத்தவர்களையும் அதைப் பற்றிய அறிவை உடையவர்களையும் பயன் கோரத் தகுதியுள்ளோராக அதே சட்டம் ஏற்கிறது. காட்டோரத்து யானாதி குடும்பங்களுக்கும் அந்தப் பங்கைக் கொடுக்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.