கம்பம் பள்ளத்தாக்கில் சமூக ஊடகக் கற்பித்தல்: விக்கிப்பீடியாவிலிருந்து வாட்ஸ்அப் வரை

தேனி மாவட்டக் கல்லூரிகளில் சமூக ஊடகம் பாடம் நடத்தும் கருவியான கதையைக் கொரோனாவிலிருந்து தொடங்குவதே வழக்கமாகிவிட்டது. அதற்குப் பத்தாண்டு முன்பே வேறொரு தொடக்கம் இருந்தது. அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் 2020இல் நாம் எதைப் பெற்றோம், எதை இழந்தோம் என்பது விளங்கும்.

அந்தத் தொடக்கம் தமிழ் விக்கிப்பீடியா. 2003இல் உருவான அதைச் சமூக வலைத்தளம் என்று முழுமையாகச் சொல்ல முடியாது. ஆயினும் முன்பின் அறியாதவர்கள் பேசி, வாதிட்டு, ஒருவர் எழுத்தை ஒருவர் திருத்தும் இடம் அது. தேனியிலிருந்து 2006 முதல் முத்துக்கமலம் இணைய இதழை நடத்திவரும் தேனி மு. சுப்பிரமணி, தமிழ் விக்கிப்பீடியாவைப் பற்றித் தனி நூலே எழுதினார். 2010 ஜூனில் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டி, கல்லூரி மாணவர்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டி நடத்தப்பட்டது. தமிழில் தட்டச்சு செய்வது, சான்று காட்டுவது, பிறர் திருத்தத்தை ஏற்பது அல்லது காரணம் சொல்லி மறுப்பது ஆகிய மூன்றையும் அத்தகைய எழுத்து ஒரே பயிற்சியில் கற்றுத்தருகிறது. பருவத்தேர்வு விடைத்தாள் இவற்றில் ஒன்றையும் கேட்பதில்லை.

அத்தகைய எழுத்துக்கு இணையம் வேண்டும்; இங்குள்ள மாணவருக்கு அது எளிதில் கிடைக்கவில்லை. 1956இல் கம்பம் பள்ளத்தாக்கின் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி தொடங்கியது முதல், விவசாய, தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் முதல் பட்டதாரிகள் பலர் இப்பள்ளத்தாக்கிலேயே படித்து வந்திருக்கிறார்கள். 2011இல் அரசின் விலையில்லா மடிக்கணினி வந்தபோதும் பெரும்பாலான வீடுகளில் இணைய இணைப்பு இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகே மாணவர் கையில் இணையம் நிலைத்தது. அதே ஆண்டு வாட்ஸ்அப் குழுவின் உச்ச வரம்பு 100இலிருந்து 256 ஆனது. ஒரு துறையின் மாணவர் எல்லோரையும் ஒரே குழுவில் சேர்க்க முடிந்தது. 2018 நடுவில் அட்மின் மட்டுமே செய்தி அனுப்பும் வசதி வந்தது. ஒரு கற்பிக்கும் கருவியின் வரலாற்றில் இந்தச் சிறு மாற்றத்தை நான் பெரிதாகவே கருதுகிறேன். குழுவை அறிவிப்புப் பலகையாக்க அன்றே வழி பிறந்தது.

2019 ஜூலையில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. நிறுவனத்துக்கொரு சமூக ஊடகப் பொறுப்பாளரை நியமித்து, மாணவர் கணக்குகளை நிறுவனக் கணக்கோடு இணைக்கச் சொன்னது. நோக்கம் சாதனைகளைப் பரப்புவது. கற்பித்தல் அதன் மையமாக இல்லை.

2020 மார்ச் 17இல் கல்லூரிகள் மூடப்பட்டன. அதன்பின் ஒரு வாட்ஸ்அப் வகுப்பு பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது: காலையில் ஆசிரியரின் குரல்பதிவு வரும். அடுத்துக் கையெழுத்துக் குறிப்பின் போட்டோக்கள் வரும். கீழே "யெஸ் மேம்", "தேங்க்யூ சார்" என்று வரிசையாகப் பதில்கள்; அதுவே வருகைப்பதிவு. பாடத்தில் சந்தேகம் கேட்ட பதிலைத் தேடித்தான் எடுக்க வேண்டும். மேகமலை, அகமலை போன்ற மலைப்பகுதிகளில் சிக்னலே அரிது. ஊரடங்கு தளர்ந்து ஏலக்காய்த் தோட்ட வேலை தொடங்கியதும், விடியுமுன் ஜீப்பில் இடுக்கி மலைக்குப் போகும் அப்பாவோடு வீட்டின் ஒரே போனும் போய்விடும். மாணவி இரவு எட்டு மணிக்குமேல்தான் காலை வகுப்பைக் கேட்பார். இதில் ஒரு நன்மையும் உண்டு: நேரலை வகுப்பு தவறினால் தவறியதுதான், குரல்பதிவோ காத்திருக்கும். ஏழை மாணவருக்கு வாட்ஸ்அப் உதவிய இந்த இடத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு பாடத்தின் 40 சதவீதம் வரை இணையவழியில் நடத்தலாம் என்ற கலப்புக் கற்றல் வரைவை முன்வைத்தது. இணைப்பும் அனுமதிக்கான வரைவும் வந்தாயிற்று. மாணவர் எழுத வேண்டும் என்ற 2010இன் எண்ணம்தான் இந்த ஏற்பாடுகளில் இடம்பெறவில்லை.

துறைத்தலைவர்கள் இதைச் செய்யலாம், செலவும் இல்லை. வகுப்புக் குழுவில் அட்மின் பூட்டைத் திறந்து வையுங்கள். பருவத்துக்கு ஒரு ஒப்படைப்பை விக்கிப்பீடியாக் கட்டுரையாகக் கேளுங்கள். பெரியாற்று வாய்க்கால்கள், போடி ஏலக்காய் ஏலம், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை என எழுத இந்த மண்ணில் நிறையவே இருக்கிறது. அதற்கு மதிப்பெண்ணும் கொடுங்கள்.