உபின் கருங்கல் பிறந்த கதை

சிங்கப்பூரின் பொங்கோல் பாயிண்ட் படகுத்துறையில் நின்றால் எதிரே புலாவ் உபின் தீவு. இடையில் கிடக்கும் ஜோகூர் நீரிணைக்கு வயது மிகக் குறைவு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இங்கிருந்து ஜாவாவுக்கு நிலவழியாகவே போயிருக்கலாம். பனி உருகிய பிறகு ஏறிவந்த நீர் இது. பழங்கடலின் தடயம் வேண்டுமென்றால் உபினின் கருங்கல்லில்தான் தேட வேண்டும்.

அந்தக் கடலுக்குப் பழைய டெத்திஸ் என்று பெயர். 40 கோடி ஆண்டுகளுக்கு முன் வாய்திறந்தது. அதற்குத் தெற்கே இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா எல்லாம் ஒட்டிக்கிடந்த கோண்டுவானாக் கண்டம். பெர்மியன் காலத்தில் அதன் வடவிளிம்பிலிருந்து நீளமான ஒரு நிலத்துண்டு பிய்ந்து வடக்கே நகர்ந்தது. இன்றைய தீபகற்ப மலேசியாவின் மேற்குப் பாதி அதில் வந்ததுதான். வெயில் கொளுத்தும் லங்காவியின் பழம்பாறைகளில், மிதந்துவந்த பனிப்பாறைகள் உதிர்த்த கூழாங்கற்கள் இன்றும் பதிந்திருக்கின்றன. அந்த நிலம் குளிர்நாட்டிலிருந்து வந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நிலம் நெருங்க நெருங்க, நடுவிலிருந்த கடலின் தரை, எதிரே இருந்த நிலமான கிழக்கு மலாயாவின் அடியில் சரிந்து இறங்கியது. நனைந்த தரை அது. ஆழத்தின் வெப்பத்தில் அதிலிருந்து வெளியேறிய நீர், மேலேயிருந்த சூடான பாறையின் உருகுநிலையைக் குறைத்தது. பாறை குழம்பாகி மேலெழுந்தது. கொஞ்சம் எரிமலையாக வெடித்தது. மிச்சம் பூமிக்குள்ளேயே தங்கி, மிக மெதுவாக ஆறியது. ஆற அவகாசம் இருந்ததால்தான் உபின் கல்லில் பளிங்குபோன்ற சாம்பல்நிற மணிகளும் வெளிறிய ஃபெல்ஸ்பாரும் கறுத்த காக்காப்பொன் துணுக்குகளும் வெறுங்கண்ணுக்கே தனித்தனியாகத் தெரிகின்றன. 20 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த கல். மேலேயிருந்த மலையெல்லாம் மழையில் கரைந்துபோன பிறகே அது வெளிச்சம் கண்டது.

டிரையாசிக் காலத்தில் இரு நிலங்களும் முட்டிக்கொண்டன, கடல் மூடியது. தைத்த தழும்பு பகாங் மாநிலத்தின் பெந்தோங், ராவுப் ஊர்களின் வழியாக ஓடுகிறது. ஆழ்கடலில் மிதந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் இறுகிய பாறை அங்கே மலைக்காட்டின் நடுவே கிடக்கிறது. ராவுப்பின் தங்கமும் அந்தத் தழும்பை ஒட்டித்தான் கிடைத்தது.

உபின் கல்லை மனிதர்கள் மறுபடி கடலுக்கே கொண்டுபோனார்கள். 1851-இல் முடிந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் அந்தக் கல்லால் கட்டியது. 1924-இல் திறந்த ஜோகூர் பாலத்துக்கும் அது போயிற்று.

கோண்டுவானாவிலிருந்து அந்த நிலத்துண்டு பிய்ந்து போனபோது அதன் முதுகுக்குப் பின்னால் புதிய டெத்திஸ் திறந்தது. அதை மூடியதில் பெரும்பங்கு நம் இந்தியாவுடையது; சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவை முட்டி இமயத்தை எழுப்பியது. நேபாளத்தின் கண்டகி நதியிலிருந்து வந்து வைணவ வீடுகளில் திருமஞ்சனம் காணும் சாளக்கிராமத்துக்குள் இருக்கும் சுருள், அந்தக் கடலில் நீந்திய அம்மோனைட்டின் கூடு. மேற்கே அந்தக் கடல் முழுதாக மூடவில்லை. கருங்கடலும் காஸ்பியனும் அதன் வடகிளையின் மிச்சங்கள். கிழக்கு மத்தியதரைக்கடலின் அடியில் பழைய தரை இன்னும் கிடக்கிறது. ஆப்பிரிக்கா வடக்கே தள்ளத் தள்ள, அந்தத் தரை கிரீட் தீவின் அடியில் இறங்கிக்கொண்டே இருக்கிறது.