நுண்ணுருவகப்படுத்தலும் வரிக் கொள்கையும்

வரி விகிதத்தை மாற்றினால் ஒவ்வொரு குடும்பத்தின் கைக்காசும் என்ன ஆகும் என்பதைச் சட்டம் வருமுன்னரே கணினியில் போட்டுப் பார்க்கும் முறை நுண்ணுருவகப்படுத்தல். பொருளியலார் இதை மைக்ரோசிமுலேஷன் என்பர். அமெரிக்கரான கை ஆர்கட் 1957-இல் முன்மொழிந்தார். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கான யூரோமாட் இன்று பெயர்பெற்ற மாதிரி.

இந்தியாவில் இதற்கு அடிப்படையாகக்கூடிய தரவு, வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு. 2022-23 சுற்றில் 2,61,746 குடும்பங்களிடம் கேட்டெழுதினார்கள். நாட்டின் குடும்பங்களோடு வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஆயிரத்துச் சொச்சம் குடும்பங்களுக்காகப் பேசுகிறது. பழைய வரி விதியை ஒருமுறை, புதியதை ஒருமுறை அவற்றின்மீது ஓட்டினால், கிடைக்கும் வேறுபாடுதான் விடை.

நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் ஒரு குடும்பத்தை மனத்தில் வைப்போம். மிளகும் காப்பியும் விற்றுக் காசு பார்க்கிறது. சாமையும் கேழ்வரகும் சொந்தக் காட்டில் விளைகின்றன. விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. ஆகவே 12 லட்சம் ரூபாய் வரை வரியில்லை என்ற 2025 பட்ஜெட் அறிவிப்பால் அதற்கு ஒரு பைசா மிச்சமில்லை. குளியல் சோப்பின் ஜிஎஸ்டி அதே ஆண்டு செப்டம்பர் 22-இல் 18-இலிருந்து 5 சதவீதமானது. அது இந்த வீட்டை எட்டும். செல்போன் ரீசார்ஜுக்கு 18 சதவீதம் அப்படியே நிற்கிறது.

மாதிரி எளிதில் சறுக்கும் இடம் சாமைதான். வீட்டில் விளைந்ததையும் கணக்கெடுப்பு விளைந்த இடத்து விலை போட்டுச் செலவில் சேர்க்கிறது. மொத்தச் செலவின்மீது வரியைப் போட்டால், கடைக்கே போகாத தானியத்துக்கும் இந்த வீடு வரி கட்டியதாகிவிடும். சில்லறையாக வாங்கும் சாமைக்கு வரியில்லை. முன்கூட்டியே பொட்டலமிட்டுப் பெயர் ஒட்டியதற்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம். இந்த நுணுக்கங்களை எழுதாத மாதிரி மலைவாசிக்கு அநியாயம் செய்கிறது.

ஜிஎஸ்டிக்கு முன், 2015 டிசம்பரில் அரவிந்த் சுப்பிரமணியன் குழு அரசின் வருவாய் குறையாத விகிதமாக 15 முதல் 15.5 சதவீதத்தைச் சொன்னது. மொத்தத் தொகைகளிலிருந்து பெற்ற அந்த எண், சுமை யார் தலையில் விழும் என்பதைத் தனியாகச் சொல்லாது. அதற்குக் குடும்ப அளவிலான கணக்கு வேண்டும்.

குறைகளும் உண்டு. விலை மாறினால் மக்கள் வாங்குவதும் மாறும்; எளிய மாதிரிகள் அதைப் பார்ப்பதில்லை. பெரும் பணக்காரர்கள் கணக்கெடுப்பில் அரிதாகவே சிக்குகிறார்கள். நாடு முழுமைக்கும் வகுத்த மாதிரியிலிருந்து கொல்லிமலைக்கென்று தனி முடிவு சொல்லவும் முடியாது. அதற்கு அங்குள்ள சோளக்காட்டுச் சந்தைக்கு வரும் குடும்பங்களிடம் தனியாகக் கேட்டெழுத வேண்டும்.