எல்லை தாண்டாத நிலம்: உத்தனப்பள்ளி வட்டாரத்தில் தெரிவின் பொருளியல், 1971–2024

தக்காளி விலை சரியும் வாரங்களில் ஓசூருக்கு அருகே உத்தனப்பள்ளிப் பக்கம் போனால், பழுத்த காய் செடியிலேயே கிடப்பதைப் பார்க்கலாம். வெளியூர்க்காரருக்கு அது விரயம். பயிர் வைத்தவர் கணக்கு வேறு. நாற்றுக்கும் உரத்துக்கும் குச்சிக்கும் போட்ட காசு போனது போனதுதான். இனிப் பறிகூலி, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன் கொடுத்தால் கையில் ஏதாவது நிற்குமா? நிற்காது என்றால் பறிப்பதில்லை. மாறும் செலவைக்கூட ஈட்டாத விலையில் உற்பத்தியை நிறுத்துவதே சரி என்று நுண்பொருளியல் சொல்வதும் இதைத்தான்.

அந்த விவசாயியே ஒரு நிறுவனம். பங்க்கில் டீசல் வாங்கும்போது அவர் நுகர்வோர், சாவடியில் வாக்காளர். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-ல், பிடிக்காத நிலையில் இருப்பவருக்கு இரண்டு வழி உண்டு என்றார்: விலகுவது, குரல் கொடுப்பது. இந்த வட்டாரத்தின் அரை நூற்றாண்டு வரலாற்றை இந்த இரண்டு சொற்களைக் கொண்டு படிக்கலாம் என்பது என் வாதம்.

முதலில் ஆலைகள். தொழிற்பேட்டைகள் அமைக்கும் மாநில அரசு நிறுவனமான சிப்காட் 1971-ல் தொடங்கியது. பின்தங்கிய பகுதிகளுக்கு மத்திய அரசின் மூலதன மானியமும் அதே ஆண்டில் வந்தது. ஓசூர் அன்று தர்மபுரி மாவட்டத்தில், பின்தங்கிய பட்டியலில் இருந்தது. பெங்களூரோ நாற்பது கிலோமீட்டர் தொலைவுதான். நகரத்தின் உதிரிபாகச் சந்தையும் பொறியாளர்களும் கைக்கெட்டும் தூரத்தில். மனையும் மானியமும் தமிழ்நாட்டில். 1980-ல் அசோக் லேலண்ட் ஆலையும் டிவிஎஸ் மொபெட்டும், 1984-ல் டாடாவும் மாநில அரசின் டிட்கோவும் கூட்டாக உருவாக்கிய டைட்டனும் இந்தக் கணக்கில் வந்தவை. அண்மையில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் இதே உத்தனப்பள்ளிப் பக்கம் வந்திருக்கிறது. எந்த மாநிலம் என்பதை ஆலை தேர்ந்தெடுக்கிறது. தேர்ந்தெடுக்க முடிவதால்தான் சலுகையும் கிடைக்கிறது.

நுகர்வோருக்கும் எல்லை உதவியது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து பெரும்பாலான சரக்குகளின் வரி வேறுபாட்டை அழித்தது. பெட்ரோல், டீசல், மது போன்ற சில மட்டும் வெளியே நின்றன. 2022 மே மாதத்துக்குப் பின் சென்னையில் டீசல் லிட்டர் ரூ.94.24, பெங்களூரில் ரூ.87.89 என்று இருந்தது. நூறு லிட்டருக்கு அறுநூறு ரூபாய்க்கு மேல் மிச்சம் என்றால் எல்லைக்கு அப்பாலுள்ள அத்திப்பள்ளி பங்க்கில் தமிழ்நாட்டு வண்டிகள் நின்றதில் வியப்பில்லை. ஆனால் உத்தனப்பள்ளியிலிருந்து டிராக்டரை அங்கே ஓட்டிப் போனால் மிச்சம் வழியிலேயே எரிந்துவிடும். 2024 ஜூனில் கர்நாடகம் விற்பனை வரியை ஏற்றியதும் இடைவெளி சுருங்கியது. விலகல்கூட எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை.

நிலத்துக்கு அந்த விலகலும் இல்லை. 2013-ஆம் ஆண்டின் மத்திய நிலமெடுப்புச் சட்டம், தனியார் திட்டம் என்றால் 80 சதவீத நில உடைமையாளரின் சம்மதம் கேட்டது. சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதோ 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ். அதில் சம்மதம் தேவையில்லை. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. சட்டமன்றம் அதே ஆண்டில் மீட்டது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் மீட்பை ஏற்றது. விற்பவர் மறுக்க முடியாத இடத்தில் சந்தை விலை என்ற சொல்லே பொருளிழக்கிறது என்று நான் கருதுகிறேன்.

மிஞ்சியது குரல். ஒரு வாக்கு முடிவை மாற்றாது என்று தெரிந்த வாக்காளர் விவரம் தேட மெனக்கெட மாட்டார் என்று ஆண்டனி டௌன்ஸ் 1957-ல் எழுதினார். மான்கர் ஓல்சன் 1965-ல் இன்னொன்றைச் சேர்த்தார்: ஒவ்வொருவர் இழப்பும் பெரிதாக உள்ள சிறு கூட்டம் எளிதில் திரளும். ஓசூர்ப் பகுதியின் ஐந்தாவது சிப்காட் தொழிற்பேட்டைக்கு எதிராக 2023-ல் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் விவசாயிகள் நடத்திய தொடர் காத்திருப்புப் போராட்டம் ஓல்சன் சொன்னதற்குக் கண்முன் சான்று. ஆலையால் வரும் பலன் மாநிலம் முழுக்கச் சிதறுகிறது. இழப்பு சில ஊர்களில் குவிகிறது.

இழப்பீட்டுக் கணக்கில்தான் மனம் அதிகம் நோகிறது. வழிகாட்டி மதிப்பும், அண்மையில் பதிவான பத்திரங்களின் விலையும் அதற்கு அடிப்படை. முத்திரைத் தீர்வை மிச்சம் பிடிக்கப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுவது ஊர் வழக்கம். அன்று யாரோ மிச்சம் பிடித்த தொகை, இன்று பக்கத்துக் காட்டுக்காரரின் ஏக்கர் விலையைக் கீழே இழுக்கிறது. அவர் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவரே அல்ல.