வானொலி கொண்டுவந்த பாட்டும் நம் பெரியவர்கள் கண்ட வழியும்



இசை கேட்பது கூடுமா, கூடாதா என்னும் வினா எமது மதரஸாவில் ஆண்டுதோறும் எழுகின்றது. இவ்வினா கைப்பேசியோடு வந்ததன்று. நம் பாட்டன்மார் காலத்தில் வானொலிப் பெட்டியோடு இல்லங்களுக்குள் நுழைந்தது. அவர்கள் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

பாட்டு நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. உமறுப் புலவரின் சீறாப்புராணமும், குணங்குடி மஸ்தான் சாஹிபின் பாடல்களும், ஸதகத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களின் மவ்லிதும் அச்சும் மின்சாரமும் இல்லாத ஊர்களில்கூட ஓதப்பட்டன. ரமளானில் தாயிரா கொட்டிப் பாடி ஸஹருக்கு எழுப்பிய பக்கீர்மார்களை முதியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். வானொலி கொண்டுவந்த மாற்றம் வேறு. பாடுபவர் யார், எங்கிருந்து பாடுகிறார் என்று அறியாமலேயே எவருடைய பாட்டும் வீட்டு முற்றத்திற்கு வந்து சேர்ந்தது.

சென்னையில் 1938ஆம் ஆண்டும், திருச்சியில் 1939ஆம் ஆண்டும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தொடங்கின. ஆயினும் மெல்லிசைக்கும் திரைப்பாட்டுக்கும் தென்மாவட்டத்து மக்கள் நாடியது கொழும்பைத்தான். அதற்குக் காரணம் உண்டு. 1952இல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர், திரைப்பாடல்கள் இரசனையைக் கெடுப்பதாகக் கருதி, அவற்றை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கினார். இலங்கை வானொலியோ 1950இலேயே வர்த்தக சேவையைத் தொடங்கியிருந்தது. நேயர்கள் அங்குச் சென்றனர். 1957இல் விவித் பாரதி தொடங்கப்பட்ட பின்னரும் அப்பழக்கம் எளிதில் மாறவில்லை. 1985 வரை நம் காரியாபட்டி அடங்கியிருந்த பழைய இராமநாதபுரம் மாவட்டம் இலங்கைக்கு எதிர்க்கரையாகும். கடல் கடந்து வந்த அவ்வலைவரிசை உள்ளூர் நிலையம்போல் தெளிவாகக் கேட்டது. எஸ்.பி.மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் வீட்டு மனிதர்களின் குரல்களாயின.

அதே இலங்கை வானொலியில் முஸ்லிம் நிகழ்ச்சிக்கெனத் தனி நேரமும் இருந்தது. கிராஅத், மார்க்கச் சொற்பொழிவு, இஸ்லாமியப் பாடல் ஆகியவை அதில் ஒலித்தன. நாகூர் இ.எம்.ஹனீபா அவர்களின் கணீரென்ற குரல் ஏழை வீட்டிற்கும் சென்று சேர்ந்தது இசைத்தட்டாலும் வானொலியாலும்தான். 1925இல் இராமநாதபுரத்தில் பிறந்து, 2015இல் மறைந்த அவர், அரசியல் மேடையிலும் மீலாது மேடையிலும் ஒரே கம்பீரத்தோடு பாடினார். அவருடைய பாடல்களைப் பிற சமயத்தவரும் விரும்பிக் கேட்டனர். கர்நாடக இசை பயின்ற நாகூர் எஸ்.எம்.ஏ.காதர், இசைமணி எம்.எம்.யூசுப் ஆகியோரும் அக்காலத்து நினைவில் நிற்பவர்கள்.

உலமாக்களின் தயக்கம்

இவற்றையெல்லாம் ஆலிம்கள் ஒருமித்து வரவேற்றனர் என்று எண்ண வேண்டா. இசைக்கருவிகளைக் கண்டிக்கும் ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. பெருநாளன்று ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் சிறுமியர் இருவர் பாடியதையும், அபூபக்ர் (ரலி) தடுத்தபோது நபி (ஸல்) அவர்கள் "விட்டுவிடுங்கள்" என்ற கருத்தில் கூறியதையும் அதே நூல் பதிவு செய்கின்றது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இப்பொருளுக்கென ஒரு தனிப் பகுதியையே ஒதுக்கி, பாட்டின் பொருள், பாடுபவர், கேட்பவரின் உள்ளம், காலம், இடம் என ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். கருவிகள் கூடா என்பதே நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பான்மை அறிஞர்களின் நிலை.

பெட்டியே ஐயத்திற்கு உள்ளானதும் உண்டு. 1934இல் எகிப்திய வானொலி தொடங்கியபோது, அதில் குர்ஆன் ஓத அழைக்கப்பட்ட ஷைகு முஹம்மது ரிஃப்அத் (ரஹ்) அவர்கள், மார்க்க அறிஞர்களிடம் தீர்ப்புக் கேட்டறிந்த பின்னரே ஓத இசைந்தார்கள். கருவி தன்னளவில் குற்றமுடையதன்று, அதன் வழியே வருவதைப் பொறுத்தே தீர்ப்பு என்னும் தெளிவு இவ்வாறு மெல்ல மெல்லப் பிறந்தது.

இசையில் வரம்பு தேடியவர்கள் ஆலிம்கள் மட்டுமல்லர். அகில இந்திய வானொலியே ஆர்மோனியப் பெட்டியை 1940இல் விலக்கி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் விலக்கியே வைத்திருந்தது. வரம்பு வேண்டும் என்பதில் பலரும் ஒத்திருந்தனர். அது எங்கே என்பதில்தான் வேறுபட்டனர்.

ஒரு பாங்கும் சில நிமிடங்களும்

வானொலியை ஆய்ந்து பயன்படுத்த வேண்டும் என்பதற்கு ரமளான் நல்ல சான்று. நோன்பு துறக்கும் வேளையில் கொழும்பிலிருந்து மஃரிப் பாங்கு ஒலிக்கும். கேட்க இனிமைதான். ஆயினும் கொழும்பு நமக்குக் கிழக்கே ஏறத்தாழ ஒன்றே முக்கால் பாகை தள்ளியுள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கின்படியே ஏழு நிமிடம் வரும். நம் ஊர் வடக்கே இருப்பதால் மாதத்திற்கு மாதம் இந்த இடைவெளி கூடும், குறையும். எனினும் ஆண்டு முழுவதும் கொழும்பிலேயே கதிரவன் முதலில் மறைகின்றது. அந்தப் பாங்கைக் கேட்டு இங்கே பேரீச்சம்பழத்தை வாயிலிட்டால் அன்றைய நோன்பு பாழாகும். இரு நாட்டுக் கடிகாரமும் ஒரே நேரம் காட்டினும் வக்து ஒன்றாகாது. பாங்கே ஆயினும், அது நம் ஊருக்குரியதா என்று பார்க்க வேண்டியிருக்கின்றது. பாட்டைக் குறித்துச் சொல்லவும் வேண்டுமா?

இன்றைய நம் நிலைக்கு வருவோம். அன்று வீட்டிற்கு ஒரு பெட்டி இருந்தது. அஃது இல்லாதவர் ஊராட்சி வானொலியின் அடியில் அமர்ந்து கேட்டனர். தகாத பாட்டு வந்தால் பாட்டனார் எழுந்து குமிழைத் திருகிவிடுவார். பாங்கு சொன்னால் பெட்டி தானே மௌனமாகும். கேட்பது கூட்டாக நிகழ்ந்தமையால் கண்டிப்பும் கூட்டாக இருந்தது. இன்று ஒவ்வொரு பிள்ளையின் காதிலும் ஒரு தனி வானொலி. அதில் என்ன ஒலிக்கின்றது என்பது தாய்க்கும் தெரியாது. தடை விதிப்பதால் மட்டும் இது தீராது. வானொலி நிலையத்தின் தடையால் நேயர்கள் பாட்டை விடவில்லை, அலைவரிசையைத்தான் மாற்றினார்கள். நம் பிள்ளைகளும் அவ்வாறே செய்வர்.

ஆகவே பெற்றோர் செய்யத்தக்கது இரண்டு. முதலாவது, வாரத்தில் ஓரிரவேனும் குடும்பமாக அமர்ந்து நல்ல கிராஅத்தையும், கருவியின்றிப் பாடப்படும் நல்ல பாடலையும் கேளுங்கள். பிள்ளைகள் கேட்பவற்றின் பொருளையும் அவர்களோடு பேசுங்கள். இரண்டாவது, வீட்டு முதியவர்களிடம் அவர்கள் கேட்ட பைத்துகளையும் முனாஜாத்துகளையும் சொல்லச் சொல்லிப் பதிவு செய்து வையுங்கள். அவற்றுட் பல எந்த ஏட்டிலும் இல்லை, அவர்களோடு மறைந்துவிடும்.

செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்று அல்லாஹ் தன் திருமறையில் எச்சரிக்கின்றான். நம் செவிகளையும் நம் பிள்ளைகளின் செவிகளையும் அவன் நன்மையின்பால் திருப்புவானாக! ஆமீன்.