கிசோ மலைப்பாதையும் அதன் தங்கல் ஊர்களும்

ஜப்பானின் ஹொன்ஷு தீவின் நடுப்பகுதியில், மலைகளுக்கு இடையே கிசோ ஆறு ஓடும் ஒடுக்கமான பள்ளத்தாக்கு கிசோ. கிழக்கே கிசோ மலைத்தொடரும் மேற்கே 3,067 மீட்டர் உயரமுள்ள ஒன்தாகே எரிமலையும் நிற்கின்றன. இன்றைய நகானோ மாநிலத்தின் தென்மேற்கில் உள்ள இப்பகுதிக்கு ஆண்டுதோறும் வெளிநாட்டுப் பயணிகள் பெரும் எண்ணிக்கையில் நடக்க வருகிறார்கள். அவர்கள் நடப்பது நானூறு ஆண்டுகளுக்கு முன் அரசு வகுத்த நெடுஞ்சாலை ஒன்றின் எஞ்சிய துண்டுகளில்.

1600இல் செகிகஹாரா போரில் வென்ற தொகுகாவா இயேயாசு, அடுத்த சில ஆண்டுகளில் தன் தலைமையிடமான எதோவை (இன்றைய டோக்கியோ) நாட்டின் பிற பகுதிகளோடு இணைக்கும் சாலைகளை ஒழுங்குபடுத்தினார். எதோவிலிருந்து பேரரசரின் நகரமான கியோத்தோவுக்கு இரண்டு முதன்மை வழிகள் இருந்தன. கடலோரமாகச் சென்றது தோகாய்தோ. மலைகளின் ஊடே ஏறத்தாழ 530 கிலோமீட்டர் சென்றது நகசெண்டோ. கடலோர வழியில் பாலமில்லாத பெரிய ஆறுகள் குறுக்கிட்டன. மழைக்காலத்தில் வெள்ளம் வடியும்வரை பயணிகள் கரையில் நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். மலைவழி நீளமானதும் ஏற்றம் மிகுந்ததுமாக இருந்தாலும் அந்தத் தொல்லை அதில் குறைவு. அரண்மனைப் பெண்களின் திருமண ஊர்வலங்கள் பல இவ்வழியைத் தேர்ந்தன. 1861இல் ஷோகன் (படைத்தலைமை ஆட்சியாளர்) இயேமோச்சியை மணக்க எதோவுக்குச் சென்ற இளவரசி கசுனோமியாவின் பெரும் பரிவாரமும் கிசோ வழியாகவே கடந்தது.

நகசெண்டோவில் 69 தங்கல் ஊர்கள் இருந்தன. அவற்றில் நியேகாவா முதல் மகோமே வரையான 11 ஊர்கள் கிசோவைச் சேர்ந்தவை. ஒவ்வோர் ஊரும் அரசுப் பயணிகளுக்கும் தபாலுக்கும் சுமையாட்களையும் குதிரைகளையும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். ஓர் ஊரின் ஆளும் குதிரையும் அடுத்த ஊர்வரை சுமையைக் கொண்டுபோய் மாற்றிவிட்டுத் திரும்பினார்கள். தோகாய்தோ ஊருக்கு 100 ஆள், 100 குதிரை என்பது விதி, நகசெண்டோவுக்கு 50. மக்கள்தொகை குறைந்த கிசோவுக்கு அது 25 ஆகக் குறைக்கப்பட்டது. இந்த ஏற்பாட்டின் பாரம் உள்ளூர் மக்கள்மேல் விழுந்தது. பெரிய ஊர்வலம் வந்தால் சுற்றுவட்டாரக் கிராமங்கள் உழவை நிறுத்திவிட்டு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.

அத்தகைய ஊர்வலங்கள் அடிக்கடி வந்தன. தைம்யோ எனப்பட்ட நிலப்பிரபுக்கள் முறைவைத்து எதோவில் தங்கவேண்டும் என்று 1635இல் ஷோகன் இயேமித்சு சட்டமாக்கினார். அவர்களின் மனைவி மக்கள் பிணையாக எதோவிலேயே இருந்தார்கள். வழியில் தைம்யோ தங்குவதற்கு ஹொன்ஜின் என்னும் தலைமை விடுதியும், அதற்குத் துணையாக வாக்கி ஹொன்ஜினும் இருந்தன. வணிகரும் யாத்திரிகரும் உணவோடு இடம் தரும் ஹதாகோ சத்திரங்களில் தங்கினார்கள். 1843 கணக்கின்படி, கிசோவின் தங்கல் ஊர்களில் ஒன்றான ட்சுமாகோவில் இருந்தவை 83 வீடுகளே. அவற்றில் 31 ஹதாகோ.

பயணம் கட்டற்றதாக இருக்கவில்லை. நாட்டின் நான்கு பெரிய சோதனைச் சாவடிகளில் ஒன்று கிசோ ஃபுகுஷிமாவில் இருந்தது. எதோவுக்குள் துப்பாக்கி நுழைகிறதா, பிணையாக உள்ள பெண்கள் தப்பிச் செல்கிறார்களா என்பதே காவலர்களின் முதன்மைக் கவலை. காடும் காவலில் இருந்தது. கிசோவின் ஹினோகி உள்ளிட்ட ஐந்து மர வகைகளை அனுமதியின்றி வெட்டியவருக்கு மரண தண்டனைவரை கிடைக்கலாம். காடுகளை ஆண்ட ஓவாரி அரசு அவற்றை அவ்வளவு மதித்தது. இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்படும் இசே கோயிலுக்கு இன்றும் கிசோவின் ஹினோகி மரம் செல்கிறது.

1868இல் ஷோகன் ஆட்சி போய், பேரரசரின் மெய்ஜி ஆட்சி வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சாவடிகளும் ஹொன்ஜின் முறையும் ஒழிந்தன. மகோமேயின் கடைசி ஹொன்ஜின் தலைவரின் மகனான எழுத்தாளர் ஷிமசாகி தோசோன், அந்தச் சரிவையே ‘யோஆகே மாயே’ என்னும் பெருநாவலின் களமாக்கினார். 1911இல் சூவோ ரயில்பாதை பள்ளத்தாக்கு முழுவதையும் இணைத்தது. தடம் ஆற்றோரமாகச் சென்றதால் ட்சுமாகோவும் மகோமேயும் ஒதுங்கிப்போயின. மகோமே 1895இலும் 1915இலும் தீக்கிரையானது. ட்சுமாகோவின் பழைய வீடுகள் நின்றன. இடித்துப் புதிதாகக் கட்ட ஊரில் பணமில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இளைஞர்கள் வெளியேறிக்கொண்டிருந்த 1960களில் ட்சுமாகோ மக்கள் அந்த வீடுகளையே முதலாக்க முடிவுசெய்தார்கள். 1968இல் சீரமைப்பு தொடங்கியது. 1971இல் ஊரார் கூடி, வீட்டையோ நிலத்தையோ விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று உறுதிமொழி எழுதினார்கள். மின்கம்பிகள் வீடுகளுக்குப் பின்னால் மாற்றப்பட்டன. பகல் நேரத்தில் முதன்மைத் தெருவில் வண்டிகள் தடுக்கப்பட்டன. 1976இல் அரசு முதன்முறையாக அறிவித்த மரபுக் கட்டடப் பாதுகாப்புப் பகுதிகளில் ட்சுமாகோவும் இடம்பெற்றது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத் தெருவாக நீளும் நராய் ஊர் 1978இல் அப்பட்டியலில் சேர்ந்தது.

இன்று நகோயாவிலிருந்து நகாட்சுகாவாவுக்கு விரைவு ரயிலில் ஏறத்தாழ 50 நிமிடம். அங்கிருந்து மகோமேக்குப் பேருந்து உண்டு. மகோமேயிலிருந்து ட்சுமாகோவுக்கு எட்டுக் கிலோமீட்டர். நின்று நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம் ஆகும். இத்திசையில் நடந்தால் இடையிலுள்ள கணவாய்க்கு ஏறும் ஏற்றம் குறைவு. மிச்சமெல்லாம் பெரும்பாலும் இறக்கம். பழைய சுமை மாற்றும் முறையின் ஒரு வடிவம் திரும்பியிருக்கிறது: பருவகாலத்தில், காலையில் பெட்டியை ஓர் ஊரின் சுற்றுலா அலுவலகத்தில் கொடுத்தால் பிற்பகலில் அடுத்த ஊரில் பெற்றுக்கொள்ளலாம். காட்டில் கரடிகள் உண்டு. வழியில் தொங்கும் மணிகளை அடித்துக்கொண்டே செல்வது வழக்கம்.

கடைகள் மாலை ஐந்து மணியளவில் மூடிவிடும். விடுதிகளில் இரவு உணவு ஆறு மணிவாக்கில் பரிமாறப்படும். பேருந்துகள் குறைவு என்பதால் கால அட்டவணையைப் பார்த்தே புறப்பட வேண்டும். ரொக்கப் பணமும் கையில் தேவை. ஜப்பானியச் சாறுகளில் பெரும்பாலும் உலர்மீன் சேர்வதால், சைவ உணவு உண்பவர்கள் அறை பதியும்போதே விடுதிக்குத் தெரிவிக்க வேண்டும். குளிர்காலத்தில் பாதையில் பனி உறையும். நடைக்கு ஏற்றவை வசந்தமும் இலையுதிர் காலமும்.