ராஜியும் வெண்பாவும்: பாணேரில் ஒரு தீபாவளி விடுமுறை

ஊரிலிருந்து வந்தவர்களை உட்கார வைத்துக்கொண்டு வீடியோ கேம் ஆடலாமா? தாராளமாக ஆடலாம். எந்த கேம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

புனேயின் ஹிஞ்ஜவடி கம்பெனிகளில் வேலை பார்த்துக்கொண்டு பாணேரில் குடியிருக்கும் தமிழர்களில் பலர், தீபாவளிக்கு ஊருக்குப் போக லீவு கிடைக்காமல் ஊரையே இங்கே வரவழைக்கிறார்கள். சோலாப்பூர், குந்தக்கல் வழியாக நீண்ட பயணம் செய்து அம்மாவும் அத்தையும் முறுக்கு டின்னோடு வந்து இறங்குவார்கள். முதல் இரண்டு நாள் பேச்சு ஓயாது. யாருக்கு வரன் அமைந்தது, எந்த வீட்டில் பாகப்பிரிவினை என்பதெல்லாம் பேசித் தீர்ந்தபின், ஆறப்போட்டிருந்த கேம்களின் நினைவு வரும். அப்போது "அதுல என்னதான் இருக்கு, போடேன் பார்ப்போம்" என்று அத்தையே கேட்பார். அந்த நேரத்துக்கு இரண்டு கேம்களை எடுத்து வைக்கிறேன். ஒன்று இதே புனேயில் பிறந்தது. மற்றது கனடாவின் டொராண்டோவில் ஒரு தமிழர் தலைமையில் உருவானது.

புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் செய்தது 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்'. 2017-இல் கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் பணம் திரட்டப் பார்த்தார்கள், இலக்கு எட்டவில்லை. ஆனாலும் விடாமல் செய்து முடித்து 2020 ஆகஸ்டில் நின்டெண்டோ ஸ்விட்சில் கொண்டுவந்தார்கள். அக்டோபரில் மற்ற கருவிகளுக்கும் வந்தது. 'வெண்பா' 2023 ஜூலை 31 அன்று வெளியானது. செய்தது விசை கேம்ஸ், வடிவமைத்தவர் அபி. 2024-இல் அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தது.

இரண்டுமே பிரிந்த சொந்தத்தைப் பற்றியவைதான். ராஜியில் ரக்ஷா பந்தன் கொண்டாட்டத்தின் நடுவே அசுரர்கள் புகுந்து குழந்தைகளைத் தூக்கிப்போகிறார்கள். தம்பி கோலுவைத் தேடி அக்கா ராஜி கிளம்புகிறாள், கையில் துர்க்கையின் சூலம். வெண்பாவில் அசுரன் இல்லை. 1988-இல் கனடா போய்ச் சேர்ந்த வெண்பாவும் பாவலனும், அங்கே பிறந்து வளரும் மகன் கவினும்தான் கதை. பள்ளிக்கூடமும் வேலையும் வீட்டுப் பேச்சைவிட வெளிப் பேச்சே எளிதாக வந்துவிடும் பழக்கமும் சேர்ந்து மகனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தில் வைக்கின்றன. எதிரியைச் சூலத்தால் குத்தலாம். இதை எதால் குத்துவது? அதனால்தான் வெண்பாவில் சண்டையே இல்லை, சமையல்தான்.

கூடத்தில் நாலு பேர் இருக்கும்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வெண்பாவின் அம்மா எழுதிவைத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன வரியை ஆடுகிறவர்தான் ஊகிக்க வேண்டும். புட்டு கட்டத்தில் குழலுக்குள் எதை முதலில் போடுவது என்று நான் திண்டாடிக்கொண்டிருந்தேன். "அடியில சில்லு போடாம மாவப் போட்டா எப்படிடா நிக்கும்?" என்றார் நாகர்கோவில் அத்தை. அடுத்த நிமிடம் தேங்காய்ப்பூ, மாவு, மறுபடி தேங்காய்ப்பூ என்று அவர் சொல்லச் சொல்ல நான் கையை நகர்த்தினேன். இட்லிக்கும் இதே கதைதான். தட்டுகளை எப்படித் திருப்பி அடுக்குவது என்பது அவருக்குப் புதிரே இல்லை. நேரக் கெடு கிடையாது, தப்பாகச் செய்தால் திரும்பச் செய்யலாம். கன்ட்ரோலரைத் தொடாதவர்தான் அன்று நன்றாக ஆடியவர்.

ராஜியில் இதற்கு இடம் குறைவு. சுவரில் ஓடி, தூணைச் சுற்றிச் சுழன்று சூலத்தை வீசும்போது பார்ப்பவர் வாய் திறந்தால் ஆடுபவருக்கு எரிச்சல் வரும். பெரியவர்களுக்கோ தலை சுற்றும். ஆனால் சண்டை ஓய்ந்த இடங்களில் கேம் வேறு முகம் காட்டுகிறது. சுவர்ச் சித்திரங்களின் அருகே நின்றால் துர்க்கையின் கதையும் விஷ்ணுவின் கதையும் விரியும். கதைத் திருப்பங்கள் தோற்பாவை நிழல்களாக ஓடும். துர்க்கையும் விஷ்ணுவும் மேலிருந்து ராஜியைப் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள், திண்ணையில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளின் ஆட்டத்துக்கு விமர்சனம் சொல்லும் பெரியவர்களைப் போல. அந்த இடங்களில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். குரல் ஆங்கிலத்தில் இருந்தது அவருக்குக் குறை. பின்னால் வந்த பதிப்பில் இந்திக் குரல் சேர்ந்தது. அது இந்த ஊருக்கு உதவும், எங்கள் கூடத்துக்கு உதவாது.

நமக்கு நரக சதுர்த்தசி விடிகாலையோடு பண்டிகை முக்கால்வாசி முடிந்துவிடும். இங்கே அதற்குப் பிறகுதான் லட்சுமி பூஜை, பாட்வா, சகோதரனைச் சகோதரி வரவேற்று ஆரத்தி எடுக்கும் பாவுபீஜ் என்று நீள்கிறது. புனேயில் தீபாவளிக்குப் பிள்ளைகள் மண்ணைக் குழைத்துக் கோட்டை கட்டுவார்கள். எங்கள் குடியிருப்பிலும் சுற்றுச்சுவர் ஓரமாக ஒரு கோட்டை எழும்பும். சரிவில் விதை தூவிப் பச்சை முளைக்க விட்டு, உச்சியில் சிவாஜியையும் கீழே மண் பொம்மை வீரர்களையும் வைப்பார்கள். அந்தப் பையன்களை உள்ளே கூப்பிட்டு ராஜியைக் காட்டினால் கதையைக் கேட்கவே மாட்டார்கள். "இந்தச் சுவரில் ஏறலாமா, அந்த மதில்மேல் ஓடலாமா" என்றுதான் கேட்பார்கள். கோட்டை அவர்களுக்குக் கைப்பழக்கம். கொஞ்சம் வளர்ந்தவர்களோ இதையும் தாண்டிவிட்டார்கள். புனேயின் இன்னொரு நிறுவனமான சூப்பர்கேமிங் 2024-இல் விட்ட 'இண்டஸ்' மாதிரி, பலர் சேர்ந்து மோதும் ஆன்லைன் ஆட்டங்களில் இருப்பார்கள். அதை நடுவில் நிறுத்த முடியாது. இலை போட்டபின் "ஒரு நிமிஷம்மா" என்று சொல்ல வைப்பது அந்த வகைதான். பந்தி விசாரிப்பில் அதற்கு மன்னிப்பு கிடையாது.

வெண்பாவை ஒரேயடியாகப் புகழவும் மனம் வரவில்லை. ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது. வருஷங்களைத் தாவித் தாவிப் போவதால், கவின் ஏன் விலகினான் என்பது ஊன்றும் முன்பே அவன் பெரியவனாகிவிடுகிறான். இந்தியாவுக்குத் திரும்பிவிட்ட அம்மாவைத் தேடி அவன் வரும் பகுதி கண்ணைக் கலங்க வைக்கும். ஆனால் அந்தக் கலக்கத்தில் பாதி நாம் கொண்டுவந்து சேர்ப்பது. புனேயில் உட்கார்ந்துகொண்டு வருஷத்துக்கு ஒருமுறை அம்மாவைப் பார்ப்பவனுக்கு அது அதிகமாகவே வேலை செய்கிறது. ராஜியின் குறை நேர்மாறானது. அத்தனை மண்டபங்களையும் அசுரர்களையும் தாண்டிப் போனபின் கதை பாதியில் அறுந்த மாதிரி முடிகிறது.

ஆகவே அத்தை இருக்கும்வரை வெண்பாதான். தங்கையைப் பார்க்க அண்ணன் வந்திருக்கும் பாவுபீஜ் வீடானால் ராஜியின் முதல் கால் மணி நேரத்தைப் போடலாம். அதற்குமேல் கன்ட்ரோலரைப் பையன்களிடம் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு மராட்டிக்காரர் கொடுத்தனுப்பிய சக்லியும் கரஞ்சியும் இருக்கும் தட்டுப் பக்கம் நகர்ந்துவிடுவது உத்தமம்.